கோழிக்கு ஏது குலம்

மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டதுமே காயிங்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் சுவரில் மாட்டியிருந்த அடைக்கூடையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், கடைசி முட்டையை வைக்காமல் கையில் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு நிறைமாதம். கொல்லையில் பன்றிப்பட்டிக்குப் பக்கத்தில் அவள் அப்பா சோங் மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். அண்ணன் பெங் நான்கு மூலைக்கும் குழி தோண்டிக்கொண்டிருந்தான். கோழிக்கூண்டு போட யாரும் அவ்வளவு ஆழமாகத் தோண்ட மாட்டார்கள்.

அம்மா யேர் அடுப்படியிலிருந்து எழுந்து கொல்லைக் கதவுக்குப் போனாள். இது யாருக்கு என்று கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்ட கேள்விதான். சோங் தலையை நிமிர்த்தாமல், மழை இறங்குவதற்குள் கூரை போட்டுவிட வேண்டும் என்று மகனிடம் சொன்னார்.

"கோழி அடை உக்காந்தா வீட்டுக்குள்ள சொவத்துல கூடை மாட்டி எடம் குடுக்குறீங்க. குஞ்சு வெறைச்சிடக் கூடாதுன்னு அடுப்ப அணையவிடாம பாத்துக்குறீங்க. பெத்த பொண்ணு மட்டும் கொல்லையில போயி பெக்கணுமா?"

"கோழிக்கு ஏது குலம்?" என்றார் சோங். "அது எங்க வேணா பொரிக்கும்."

மலையில் வாழும் எங்கள் மோங் ஜனங்களில் இதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கல்யாணத்தன்று பெண் பிறந்தவீட்டுத் தெய்வங்களிடம் விடைபெற்றுப் போகிறாள். அதன்பிறகு புகுந்த வீட்டுத் தெய்வங்கள்தான் அவளுக்குக் காவல். காயிங்கின் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். கேட்டவளை விறகுக்கட்டையால் அடித்தான். இரண்டு குலத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, சோளச் சாராயம் குடித்துக்கொண்டே பேசி, உறவை அறுத்துவிட்டு எழுந்து போனார்கள். அறுத்தவர்களுக்கு அது ஒரு பொழுது வேலை. அவளுக்கோ அன்றோடு எந்தக் கூரையும் இல்லாமல் போயிற்று. பிறந்த வீட்டில் அவளுக்குச் சோறு போடலாம், வேலை வாங்கலாம், படுக்க இடம் தரலாம். பிள்ளை பெறவும் சாகவும் மட்டும் உள்ளே இடமில்லை. வேற்றுக் குலத்து ரத்தம் தரையில் விழுந்தால் முன்னோர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே போய்விடுவார்களாம். செத்தவர்களுக்கு இருக்கும் இந்த ரோஷத்தில் கால்வாசி உயிரோடிருந்தவர்களுக்கு இருந்திருந்தால், அந்தப் புருஷன் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குப் போய்வர மாட்டான்.

வேலை வாங்கலாம் என்றேனே, அதில் குறை வைக்கவில்லை. வீட்டுக் கோழிகள் அத்தனையும் காயிங்கின் பொறுப்பு. பெங்கின் மனைவி பாநியாவும் அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம்வரை சுடுசோறும் பச்சிலை போட்டு அவித்த கோழியும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஆக, நாளுக்கு ஒரு கோழி வேண்டும். அந்தப் பட்டாளத்தைக் காயிங் ஒருத்தியே பொரிக்கவைத்து வளர்த்தாள். இரண்டு பெட்டைகளை ஒரே சமயத்தில் அடைக்கு உட்காரவைப்பாள். பொரிந்த குஞ்சுகளை எல்லாம் ஒன்றிடம் சேர்த்துவிட்டால் மற்றது சீக்கிரமே முட்டைக்கு வந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழிப்பாள். ஒரே இரத்தத்தில் குஞ்சுகள் நோஞ்சானாகிவிடும் என்று, சேவலை மட்டும் மலைக்கு அந்தப்பக்கம் தாவ் குலத்தார் வீட்டிலிருந்து வாங்கி வந்தாள். அந்தச் சேவல் வேற்றுக் குலம் என்று முன்னோர் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதில் உனக்கென்று எத்தனை வைத்திருக்கிறாய் என்று பாநியா ஒருநாள் கேட்டாள். "மிஞ்சுனா பாத்துக்கலாம் மதினி" என்று காயிங் சிரித்துவிட்டு, சோளக்குருணையை இறைக்கப் போய்விட்டாள்.

குடிசைக்குக் கூரை போட்ட மறுநாள் அவளுக்கு வலி கண்டது. கீழே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை மழையில் சரிந்து கிடந்தது. அம்மா மட்டும் கூட இருந்தாள். ஆண் குழந்தை. சின்னதுதான், ஆனால் நன்றாக அழுதது. பாநியா வீட்டுச் சுவரில் காதை வைத்து அந்த அழுகையைக் கேட்டாள்.

சோங்கைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றுப் புகாதபடி தட்டியை இரட்டையாகக் கட்டியவர் அவர்தான். கொழுத்த பெட்டையாகப் பார்த்து மகளுக்கு அறுத்து அனுப்பியவரும் அவர்தான். என் பெண்டாட்டிக்கு வைத்ததில் கை வைக்கிறீர்களே என்று பெங் முணுமுணுத்தபோது, வாயை மூடு என்று அதட்டினார். மகள்மேல் அவருக்குப் பாசம் இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. மருமகள் வயிற்றிலிருக்கும் பேரனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயம்.

மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் உயிரைக் கூப்பிட்டுப் பேர் வைக்க வேண்டும். வாசலில் ஒரு ஜோடிக் கோழியும் ஒரு முட்டையும் வைத்து, வீட்டுக்குப் பெரியவர் கூப்பிடுவார். கூப்பிடாதவரைக்கும் குழந்தை ஆளோடு சேர்த்தியில்லை. யேர் கோழிகளைப் பிடித்துக் கொண்டுவந்து புருஷன் முன்னால் நின்றாள். எந்த வாசலில் நின்று கூப்பிடச் சொல்கிறாய் என்று கேட்டார் அவர். குடிசையில் வாசல் என்று சொல்ல ஒரு சாக்குப் படுதாதான் இருந்தது. அந்தக் கோழிகளை யேர் மறுபடி கூண்டில் விட்டாள்.

அன்று மாலையிலிருந்து காற்று புரட்டியடித்தது. விடிகிற சமயத்தில் குடிசைக் கூரையின் ஒரு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. காயிங் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து கொல்லைக் கதவருகில் நின்றாள். பிள்ளை பெற்றவள் மாதம் முடிகிறவரை பிறத்தியார் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அவள் பிறந்து வளர்ந்த வீடு அவளுக்கு இப்போது பிறத்தியார் வீடு. சோங் கதவை மறித்து நின்றார்.

"நான் உள்ள வரலப்பா. இவன மட்டும் அடுப்புகிட்ட போட்டு வச்சுக்குங்க. கை கால் வெறைச்சிருக்கு."

அவர் கை கதவுச் சட்டத்தை விடவில்லை. பெங்தான் ஒரு தார்ப்பாயையும் கங்கு நிறைந்த சட்டியையும் எடுத்துக்கொண்டு குடிசைக்கு ஓடினான். யேர் தன் போர்வையை இழுத்துக்கொண்டு மகளின் பின்னாலேயே போனாள். மறுநாள் குழந்தை பால் குடிக்கவில்லை. அதற்கு மறுநாள் அது இல்லை. பேர் வைக்காத பிள்ளைக்குச் சாவுச் சடங்கும் கிடையாது என்பதால், பெங் அதைத் துணியில் சுற்றி மேட்டுப் பக்கம் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

அதன்பிறகு யேர் வீட்டுக்குத் திரும்பவில்லை. குடிசையிலேயே உலை வைத்தாள். வீட்டில் ஆண்கள் இருவருக்கும் பாநியா பொங்கிப் போட்டாள். அடைக்கூடையில் குஞ்சுகள் பொரிந்தபோது, ஒன்றுவிடாமல் எல்லாம் பொரிந்திருந்தது. அவற்றை எடுத்து அடுப்போரம் இறக்கிவிட்ட பாநியா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அழக்கூடாது என்று சோங் கண்டித்தார்.

பாநியாவுக்கு வலி கண்ட அன்று பெங் வீட்டின் நடுக்கம்பத்தடியில் மண்ணைக் கிளறி வைத்தான். ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடியை அங்கேதான் புதைக்க வேண்டும். குலம் தழைப்பது அந்த இடத்தில்தான் என்பார்கள். அவன் கிளறி முடிப்பதற்குள் பாநியா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டான். குடிசைக்கு என்றாள்.

சோங் குறுக்கே வந்தார். அந்த இடம் குலமற்றவளுக்கு, நீ இந்த வீட்டுக்காரி, உனக்கு உள்ளேதான் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். பாநியா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு வலி அடங்கும்வரை நின்றாள்.

"எனக்குப் பொண்ணு பொறந்தா, மாமா, அதுவும் ஒருநாள் எவங்கிட்டயாவது அடிபட்டு இங்கதான் வந்து நிக்கும். அப்ப நீங்க இருக்க மாட்டீங்க, உங்க மகன் மூங்கில் பொளப்பாரு. எப்படியும் போற எடந்தானே. இப்பவே பழகட்டும்."

"பையன் பொறந்தா?"

"அன்னைக்கும் பையன்தான் பொறந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் சேற்றில் இறங்கினாள்.

பெங் தடுக்கப் போனவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். குடிசையில் யேர் வெந்நீர் வைத்தாள். காயிங் தன் படுக்கையை உதறிப் போட்டு, மதினியைக் கைத்தாங்கலாகப் படுக்கவைத்தாள்.

பொழுது சாயும்போது மறுபடி காற்று கிளம்பிற்று. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. சோங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். குடிசைக்குள் பிறக்கப்போவது அவர் குலத்துக் கொழுந்து, அது விறைத்துப்போனால் முன்னோருக்கு யார் பதில் சொல்வது. கடைசியில் கடப்பாரையை எடுத்துவந்து தன் வீட்டுச் சுவரிலேயே கொடுத்து நெம்பினார். அந்தச் சுவரில்தான் முன்னோர் குடியிருக்கும் இடமாகத் தங்கத்தாள் ஒட்டி வைத்திருந்தது. தாள் கிழிந்ததை அவர் கவனிக்கவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பெங்கும் கை கொடுத்தான். இருவருமாக அவற்றைச் சுமந்துபோய்க் குடிசையில் காற்று அடிக்கும் பக்கத்தில் சாத்தி ஆணி அடிக்கத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டுக் காயிங் வெளியே வந்தாள். சோங் ஒரு பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி, கீழே விழுந்த சுத்தியலை எடுக்க முடியாமல் கையால் துழாவிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து அதை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அன்னைக்கும் இதே காத்துதாம்பா அடிச்சுது" என்றாள்.