கடைசியில் ஏறுபவர்

“அவ்வளவு பெரிய மனுசங்க உக்கார்ற மேஜையில நான் போய் என்ன பேசுவேன் தம்பி? டிக்கெட் டிக்கெட்னா?” என்று கேட்டார் கண்டக்டர் அக்கா. வேட்புமனுவை அவர் முன்னால் விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு நான் காத்துக்கொண்டிருந்தேன். முன்மொழிபவர் நான். வழிமொழிபவர் பின்பெஞ்சில் உட்காரும் செக்யூரிட்டி அண்ணன். இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நிற்க வேண்டியவர்தான் பிடிகொடுக்கவில்லை. வகுப்பு ஆரம்பிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அவர் சீருடையைக்கூட மாற்றாமல் வண்டியிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். பையின் வார் அழுத்தி அழுத்தித் தோள்பட்டையில் சட்டை நைந்துபோயிருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் மாணவர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி உண்டு. வருடா வருடம் அதற்குத் தேர்தல் நடக்கும். பகல் வகுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள், பகல் வகுப்புப் பிள்ளைகள் ஜெயிப்பார்கள், வாழ்த்துப் பலகையில் அவர்கள் படம் ஒரு மாதம் சிரித்துக்கொண்டிருக்கும். சாயங்கால வகுப்புக்காரர்களான எங்களுக்கு அதில் எந்த அக்கறையும் இருந்ததில்லை. நான் துணிக்கடையில் விற்பனையாளன். காலை முதல் நின்றுகொண்டே துணியைப் பிரித்துக் காட்டி, மடித்து, மறுபடி பிரித்துக் காட்டுகிறவன். படிக்க வந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும், பாதி ஆசை உட்கார்வதற்குத்தான். என்னைப் போலவே பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், ஏ.டி.எம். வாசலில் காவல் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் என்று ஊர் முழுக்க நின்று வேலை பார்க்கிற அத்தனை பேரும் ஆறு மணிக்கு அங்கே வந்து உட்காருவோம். பொருளாதாரம் எங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, பெஞ்சு நன்றாகப் புரிந்தது.

அந்த வருடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மாலை நேரப் பிரிவைத் தொடர்ந்து நடத்துவது பற்றி ஆட்சிக்குழு அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கும் என்று அதில் இருந்தது. “பரிசீலிக்கிறாங்களாம். எங்க மேனேஜரும் இப்படித்தான் என் சம்பள உயர்வை ஆறு வருசமா பரிசீலிக்கிறார்” என்றார் செக்யூரிட்டி அண்ணன். மூடிவிட்டால் எங்களை அஞ்சல் வழிக்கு மாற்றிவிடுவார்களாம். எனக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அக்காவுக்கு அப்படியில்லை. அவருடைய முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டன. ஓடுகிற வண்டியில் இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. பணிமனையில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு வேலைக்குப் பட்டம் வேண்டும். அதுவும் வகுப்புக்கு வந்து படித்த பட்டம். அஞ்சல் வழி செல்லாது. படிப்பு முடிய அவருக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

“நீங்க பேசவே வேணாம்க்கா. மூடுறதுன்னு கையைத் தூக்குறப்போ நீங்க தூக்காம இருந்தா போதும்” என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

எதிர்த்து நின்றவன் பகல் வகுப்புப் பையன். மைக் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். எந்த விழாவாக இருந்தாலும் மைக்கைப் பிடித்தானென்றால் மின்சாரம் போனால்தான் விடுவான். கெட்டவன் இல்லை. நூலக நேரம், விடுதித் தண்ணீர், வாகன நிறுத்துமிடம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தான். அதில் எங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. சாயங்காலம் அங்கே ஒரு கூட்டம் வந்து படிக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் அக்காவை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வண்டியில்தான் தினமும் படியில் தொங்கிக்கொண்டு வருவான், தினமும் திட்டு வாங்குவான். அறிமுகக் கூட்டத்தில் அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எங்களுக்கு ஐம்பது ஓட்டாவது சேர்ந்திருக்கும். பகல் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் வண்டியில் வருகிறவர்கள். காசு எடுக்க மறந்த அன்று நடுவழியில் இறக்கிவிடாத கண்டக்டர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது அவருக்கே தெரியாது.

பிரச்சினை ஓட்டு நேரத்தில் இருந்தது. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரைதான் வாக்குப்பதிவு. நாங்கள் அந்த நேரத்தில் வேலையில் இருப்போம். தேர்தல் அலுவலரான தாவரவியல் பேராசிரியரைப் போய்ப் பார்த்தோம். தொட்டிச் செடி ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “விதி அப்படி இருக்கேம்மா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வெளியே வந்ததும் அக்கா, “விதி இருக்கட்டும், நமக்கு மாத்து டூட்டி இருக்கு” என்றார். அடுத்த ஒரு வாரம் எங்கள் வகுப்பில் பாடம் நடந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யார் யாரோடு டூட்டி மாற்றிக்கொள்வது, யார் எத்தனை மணிக்கு வருவது, யாரை யார் வண்டியில் ஏற்றி வருவது என்று அக்கா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். செக்யூரிட்டி அண்ணனுக்குத்தான் கஷ்டம். அந்த ஒரு பகலுக்காக இரண்டு இரவு சேர்த்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு கூட வேலை பார்ப்பவரின் கையில் காலில் விழுந்து மாற்றிக்கொண்டார்.

தேர்தல் அன்று அக்கா விடுப்பு எடுத்திருந்தார். தேர்வுக்கூடம்தான் வாக்குச்சாவடி. நான் அக்காவின் முகவராக உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் காலையிலிருந்து வாசல் படியில்தான் நின்றார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி நின்றாரோ. “முன்னால போங்க, முன்னால போங்க, வாசல்ல நிக்காதீங்க” என்ற குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்தார், எங்கள் வகுப்பில் படிக்கும் அச்சகத்துக்காரர் வந்தார், செக்யூரிட்டி அண்ணன் விறைப்பான நடையோடு வந்து போட்டுவிட்டுப் போனார். பகல் பிள்ளைகள் வந்தால் அவர்களையும் அதே குரலில் உள்ளே அனுப்பினார். அவர்களில் யார் யாருக்குப் போடுவார்கள் என்று அவர் பார்க்கவில்லை. மைக்கையும் அவர்தான், “சட்டுனு போப்பா, பின்னால ஆள் நிக்குது” என்று தள்ளிவிட்டார்.

நான்கு மணியைத் தொட்டபோது பெட்ரோல் பங்குப் பெண் மட்டும் வரவில்லை. அக்கா படியில் நின்று வெளிவாசலையே எட்டி எட்டிப் பார்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மணி அடிக்கிற நேரத்துக்கு அந்தப் பெண் சீருடையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அவள் முதுகில் கை வைத்து உள்ளே ஏற்றிவிட்டார். உள்ளே வந்துவிட்டவர்கள் போடலாம், வெளியே இருப்பவர்கள் போட முடியாது என்பது விதி. கதவருகே நின்ற பியூன் சாத்தலாமா என்று அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு தடவை இடப்பக்கம் பார்த்தார், ஒரு தடவை வலப்பக்கம் பார்த்தார். யாரும் ஓடி வரவில்லை. கதவில் உள்ளங்கையால் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டினார்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தெரியும். கடைசி ஆளும் ஏறிவிட்டார், வண்டியை எடுக்கலாம் என்று கண்டக்டர் டிரைவருக்குச் சொல்கிற தட்டு அது. தட்டிவிட்டு, நகர்கிற வண்டியில் அவர் தொற்றி ஏறிக்கொள்வார். இருபது வருடமாக அக்காவின் கை செய்கிற வேலை. பியூன் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வண்டிதான் நகர்ந்த பிறகும் ஏறவிடும்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில் அக்கா போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன், காலையிலேயே போட்டிருப்பார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எண்ணி முடித்தபோது மைக் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தான். நான் மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் அதுதான் வந்தது. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவது வழக்கம் என்று தாவரவியல் பேராசிரியர் கேட்காமலேயே சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாராம்.

ஆறு மணிக்கு வகுப்புக்குப் போனோம். வேறு எங்கே போவது? எல்லோரும் எப்படியோ அன்றைக்கு டூட்டியை மாற்றியிருந்ததால் வருடத்தில் முதல் தடவையாக வகுப்பு நிறைந்திருந்தது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. யாரும் யாரையும் குறை சொல்லாமல், வராமல் போன ஒன்றிரண்டு பேரை மட்டும் பொதுவாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

“வராதவங்கள ஏன் திட்டுறீங்க? நான் வந்தேன், நானே போடல” என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. “எல்லாரும் ஏறட்டும்னு நின்னேன். அப்புறம் கதவைத் தட்டிட்டேன்.” கையைப் பார்த்துக்கொண்டார். அழுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அழவில்லை. ஓட்டுப் போட்டிருந்தாலும் சீட்டில் தோற்றிருக்கலாம் என்று நர்ஸ் சமாதானம் சொன்னார். கடைசியாக ஓடி வந்த பெட்ரோல் பங்குப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அக்காவைப் பார்த்துப் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால், கோபம்தான்.

செக்யூரிட்டி அண்ணன் வெளிப்படையாகவே கேட்டார். “ரெண்டு நைட்டு முழிக்கப் போறேன் நான். உனக்காகத்தாம்மா. நீ ரெண்டு அடி எடுத்து வச்சு உள்ள வரலையா?”

“ஆமாண்ணே” என்றார் அக்கா.

“ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

“சொன்னா நீங்க நைட்டு முழிக்காம இருக்க முடியுமா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

அப்போதுதான் வாசலில் மைக் வந்து நின்றான். கொண்டாட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தலையெல்லாம் கலைந்திருந்தது. உள்ளே நிறைந்திருந்த எங்களைப் பார்த்து அவனுக்கு வாயே வரவில்லை. நாங்கள் பார்க்க, மைக்குக்கு வாய் வராதது அன்று ஒரு நாள்தான்.

“அக்கா, கூட்டத்துக்கான தாளைக் கையில குடுத்துட்டாங்க. முதல் விஷயமே உங்க வகுப்புதான் இருக்கு” என்றான். “எனக்கு இதப்பத்தி ஒண்ணுமே தெரியாது. என்ன நடக்குதுன்னு ஒரு நாள் உக்காந்து பாக்கலாமான்னு…”

ஜெயித்த கையோடு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறானோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. அதற்குள் ஆசிரியரும் வந்துவிட்டார். அவர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லா பெஞ்சும் நெருக்கமாக நிறைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று ஒரு வார்த்தை போதும். நாள் பூராவும் அதைச் சொல்கிற அக்கா, அன்று வாயைத் திறக்கவில்லை. அவருக்குச் சொல்ல உரிமை இல்லை என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. பின்பெஞ்சில் செக்யூரிட்டி அண்ணனுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் அவருடைய தொப்பி இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் பலகையில் தேதியை எழுதி முடிக்கும்வரை பையன் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றான். பிறகு செக்யூரிட்டி அண்ணன், அவனையும் பார்க்காமல், அக்காவையும் பார்க்காமல், தொப்பியை எடுத்துத் தூசி தட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.