அளக்காத பூஜ்யம்

அளக்காமலே எழுதினாள் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் மாடியில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, எதிரே ஒரு கப் டீயை வைத்து, நாக்கு கூசாமல் சொன்னார்கள். மங்கையர்க்கரசி அந்த டீயைத் தொடவில்லை. புனே பக்கம் சாகணில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக, வண்டிகளுக்குள் சுழலும் ஷாஃப்ட் தண்டுகளை அளப்பதுதான் அவள் வேலை. போபோடியில் கம்பெனி பஸ் ஏறி வந்து, ஷிஃப்டுக்கு எழுபது எண்பது துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, கேஜில் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைக்கூட மெதுவாக விடுகிறவள். அவளைப் பார்த்துத்தான் அளக்கவில்லை என்றார்கள்.

சொன்னவர் தரப் பிரிவு மேனேஜர் ஜகதாப். சொல்லவைத்தவர் சோனியா மேடம். இவர்களிடம் ஷாஃப்ட் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்திருப்பவர். அவர் தன் லேப்டாப்பில் ஆறு மாத ரிப்போர்ட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மங்கையர்க்கரசி பெயரில் பதினோராயிரத்துச் சொச்சம் அளவுகள் இருந்தன. பக்கம் பக்கமாக 24.99, 25.00, மறுபடியும் 24.99, மறுபடியும் 25.00. நடுவில் எங்கோ தப்பித்தவறி ஒரு 25.01. மெஷினில் கடைந்து வருகிற இரும்பு இப்படி இரண்டே எண்களில் வரிசை கட்டி நிற்காது, யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்து தட்டிய எண்கள் இவை என்றார் சோனியா மேடம்.

அதோடு விடவில்லை. லால் டப்பா என்று எல்லோரும் சொல்லும் சிவப்புப் பெட்டியில், அவள் கழித்துப் போட்ட நாற்பத்தொரு ஷாஃப்டுகள் கிடந்தன. ரிப்போர்ட்டில் அவற்றுக்கும் 25.00 என்றே இருந்தது. 25.00 என்றால் நல்ல துண்டு. நல்ல சரக்கையும் கழித்துக் கட்டியிருக்கிறாள், அளக்காததற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு என்று கேட்டார்.

ஜகதாப் ஒரு காகிதத்தை நகர்த்தினார். ஆங்கிலத்தில் நாலே வரி. மங்கையர்க்கரசி ஆகிய நான், துண்டுகளை அளக்காமல் அளவுகளைப் பதிவு செய்தேன், இதற்காக வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது. கையெழுத்துப் போட்டால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல். போடாவிட்டால் விசாரணை, அப்புறம் வீடு. ஷிஃப்ட் முடிகிற மூன்று மணிவரை டயம் இருக்கிறது, யோசித்துக்கொள் என்று மராட்டியில் பரிவாகச் சொன்னார். அந்தப் பரிவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பதினாறு வருஷத்தில் ஒருநாள் அவள் ஒரு துண்டைச் சும்மா விட்டிருப்பாளா என்று அந்த ஆள் தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். கேஜ் பக்கத்துத் திரையில் தினமும் மூன்று தசம எண்கள் வருகின்றன, தன் கண்ணால் பார்த்துத்தான் சேவ் செய்கிறேன் என்றாள். அவர்கள் வேலையே அந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. ஷாஃப்டின் குறுக்களவு இருபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டவே கூடாது. குறைந்தால் பதின்மூன்று மைக்ரான்வரை குறையலாம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். இதை அறிந்தவர்கள், மூன்றாவது எண்ணே இல்லாத ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அது எங்கே போனது என்று கேட்காமல், இவள் எங்கே போனாள் என்று கேட்கிறார்கள்.

சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டார்கள். சபரி வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், புனே வந்து ஒன்றரை வருஷம். ஆறு மாதத்துக்கு முன்பு பேப்பர் ரெஜிஸ்டரை ஒழித்துவிட்டு அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஏற்பாட்டைச் செய்தவன் அவன்தான். காண்டீனில் அவள் டப்பாவைத் திறந்தால் உரிமையோடு எலுமிச்சை ஊறுகாயை எடுத்துக்கொள்கிறவன். அவன் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், சிஸ்டத்தில் பிழை எதுவும் இல்லை, என்ன கொடுத்தார்களோ அதைத்தான் அது வைத்திருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். எதையும் திறந்து பார்க்காமலேதான் சொன்னான். அளக்காமல் சொல்வது என்றால் இதுதான். அவனிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை.

அவள் எழுந்து கீழே இறங்கி வந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. லால் டப்பாவை ட்ராலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பத்தொன்றும் நல்ல சரக்குதானாம், மூன்று மணி லாரியில் அனுப்பிவிடச் சொன்னாராம் ஜகதாப் சார். அளவு மிஞ்சிக் கொழுத்த ஷாஃப்டைக் கொண்டுபோய் யாரோ ஒரு வண்டிக்குள் அடித்து இறக்குவார்கள், பேரிங் சூடேறும், நடுரோட்டில் வண்டி நிற்கும், அதற்கும் அவள் பெயர்தான் இருக்கும். அவள் நேரே ட்ராலியின் குறுக்கே போய் நின்றுகொண்டு, சபரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கீழே வா. ரெண்டே நிமிஷம். அப்புறம் நீ மேலே போயி என்ன வேணா சொல்லிக்கோ."

அவன் வந்தான். அவள் பெட்டியிலிருந்து ஒரு ஷாஃப்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதன் மேல் மஞ்சள் மார்க்கரில் +4 என்று எழுதியிருந்தது. அடுத்ததில் +3. இன்னொன்றில் +2. பெட்டி முழுக்க அப்படித்தான். அந்தத் தொழிற்சாலையில் அது வழக்கம். கொழுத்த துண்டு அரைவை மெஷினுக்குத்தான் திரும்பிப் போகும். அங்கே இருக்கும் பாத்திமாவுக்கு எத்தனை மைக்ரான் அரைத்து எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அதனால் கழிக்கிறவர் எண்ணைத் துண்டின் மேலேயே எழுதிவிட வேண்டும். கண்ணாடி அறையிலிருந்து லால் டப்பா அறுபது எட்டு நடைதான். ஆடிட் நடந்த இரண்டு நாளில் ஒருத்தருக்கும் அந்த அறுபது எட்டு நடக்கத் தோன்றவில்லை.

"நீயே அள" என்றாள்.

அவன் தடுமாறித் துடைத்து, தடுமாறி வைத்தான். திரையில் 25.004 என்று சிவப்பில் வந்தது. சேவ் அடிக்கச் சொன்னாள். அடித்தான். திரை பச்சையாகி, பதிவாகிவிட்டது என்றது. இப்போது அந்த மேடம் பார்த்த ரிப்போர்ட்டை உன் லேப்டாப்பில் திற என்றாள். திறந்தான். கடைசி வரியில் அவன் அளந்த ஷாஃப்டின் நம்பருக்கு நேரே 25.00 என்று இருந்தது.

சபரி ரிப்போர்ட்டை மூடித் திறந்தான். வேறொரு ஷாஃப்டை அவனாகவே எடுத்து வைத்தான். 24.991 போய் 24.99 ஆக உட்கார்ந்தது. இன்னொன்று 24.996. அது 25.00 ஆனது. அவன் முகம் வெளிறிப்போனது. தரையிலேயே குந்தி உட்கார்ந்து லேப்டாப்பில் என்னவோ தேடினான். தேடியது கிடைத்ததும் தலையைக் கையால் பிடித்துக்கொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் அளவுகளைச் சேர்த்துவைக்கும் டேபிளை அவன் புதிதாகப் போடவில்லை. வார்ப்படப் பிரிவுக்கு முன்பே ஒன்று இருந்தது, அதைக் காப்பி அடித்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். வார்ப்படத்துக்கு இரண்டு தசமமே தாராளம், அதனால் அந்த டேபிளில் இரண்டுக்குத்தான் இடம். திரை மூன்று எண்களை வாங்கிக்கொள்ளும், டேபிள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளும்.

"எர்ரர் எதுவும் வராதுங்க்கா. அதுவே ரவுண்டு பண்ணி வெச்சுக்கும்."

"ஒரு சத்தமும் போடாம?"

"போடாதுங்க்கா."

"அரே, ஆறு மாசமா ஒரு தடவையாவது ஒரு நம்பரைப் போட்டு, அது உள்ள போயி எப்பிடி உக்காருதுன்னு பாத்தியா நீ?"

"பாத்தேனுங்க்கா" என்றான். தலை நிமிரவில்லை. "இருவத்தஞ்சு போட்டுப் பாத்தேன். கரெக்டா வந்துச்சுங்க."

மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பும் வந்தது, அவனை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. இருபத்தைந்து போட்டுப் பார்த்தானாம். தசமமே இல்லாத ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, தசமம் சரியாக வருகிறது என்று திருப்திப்பட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். அந்த ஒரு நாள் திருப்திக்கு அவளுடைய பதினாறு வருஷம் திருட்டு வேலையாகிவிட்டது. மேலே போய் இதை உன் வாயாலேயே சொல் என்றாள்.

அறையில் தனியாக இருந்த ஜகதாப்பிடம் சொன்னான், அதை மறுக்க முடியாது. மென்று விழுங்கினாலும் முழுவதும் சொன்னான்.  பிறகு அவருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. லால் டப்பாவைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார். சோனியா மேடம் காண்டீனிலிருந்து சாப்பிட்டுத் திரும்புவதற்குள் டேபிளைச் சரிசெய் என்று சபரியை விரட்டினார். அவளிடம், கம்ப்யூட்டர் விஷயம், அவ்வப்போது இப்படி ஆகும், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். ஒரு மன்னிப்பு வரும் என்று அவள் நின்றாள். வரவில்லை. புதிதாக ஒரு டீ வந்தது.

கால் மணி நேரத்தில் சபரி டேபிளை மூன்று தசமத்துக்கு அகலப்படுத்திவிட்டான். ஆறு மாத ரிப்போர்ட்டை மறுபடி அச்செடுத்து ஒரு கட்டாக மேஜையில் வைத்தார்கள். சோனியா மேடமும் வந்து உட்கார்ந்தார். ரிப்போர்ட்டில் மூன்றாவது எண் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது, அளந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது என்று ஜகதாப் வழவழவென்று சொல்லி, அவளிடம் பேனாவை நீட்டினார்.

அவள் புரட்டினாள். 24.990. 25.000. 25.000. 24.990. பதினோராயிரம் வரிகளிலும் மூன்றாவது இடத்தில் பூஜ்யம். ஒன்றுகூட ஒன்றாகவோ நாலாகவோ ஏழாகவோ இல்லை. அவள் சபரியைப் பார்த்தாள்.

"நான் அளந்த நம்பர் எங்க?"

"அது இல்லீங்க்கா" என்றான் மெதுவாக. "உள்ள போகவே இல்லியே. இடம் கொடுத்தா இப்ப அது தானா ஜீரோ போட்டுக்குது. பழசு இனி வராது."

ஜகதாப்புக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பேச்சின் போக்கு புரிந்துவிட்டது. பழைய துண்டுகளெல்லாம் எப்போதோ வண்டிகளுக்குள் போய்விட்டன, யார் திரும்ப அளக்கப் போகிறார்கள், ஒரு பூஜ்யத்தில் என்ன இருக்கிறது, போட்டுவிடு என்றார். காலையில், அளக்காத எண்ணை எழுதினாய் என்று அவளைக் குற்றவாளி ஆக்கிய அதே வாய். இப்போது அளக்காத எண்ணுக்கு அவளிடம் கையெழுத்துக் கேட்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிப்போய், நெஞ்சுக்குள் எல்லாம் சில்லென்று தெளிவாக இருந்தது.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு, காலையில் கொடுத்த அந்தக் காகிதம் எங்கே என்று ஹிந்தியில் கேட்டாள். சோனியா மேடத்துக்கும் புரிய வேண்டும் என்றுதான் ஹிந்தி. காகிதம் ஜகதாப்பின் ஃபைலில் பத்திரமாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அவர் அதைக் கிழித்துப் போடவில்லை என்பதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள். அதை வாங்கி, மங்கையர்க்கரசி என்று அச்சடித்திருந்த தன் பெயரை மட்டும் ஒரே கோடாக அடித்தாள். மற்ற நாலு வரிகளையும் அப்படியே விட்டாள். அடித்த காகிதத்தை ரிப்போர்ட் கட்டின் மேல் வைத்தாள்.

"காலைல இதுல எழுதியிருந்தது பொய்" என்றாள். "இந்தக் கட்டோட சேத்துப் படிச்சா, இப்ப நிஜம். இதுல இருக்கற பூஜ்யம் ஒண்ணைக்கூட நான் அளக்கல. யாரு போடச் சொன்னாங்களோ, அவங்க பேரை எழுதிக்குங்க."

ஜகதாப் சிரிக்கப் பார்த்தார். அறையில் யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. சபரி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பஸ்ஸுக்கு மணி அடித்தது. மங்கையர்க்கரசி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

சோனியா மேடம் அந்தக் காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி, மூன்றாவது எண்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, ஜகதாப்பின் முன்னால் வைத்தார்.