இறக்கைக்கு மேல் முப்பத்தொன்றாம் வரிசை

விமான நிலையத்தில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காது பெரிது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அளவான காதுதான். விமானம் கிளம்பும் நேரத்தில் அதன் மூக்குக்குக் கீழே ஒயரைச் செருகிக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு, மேலே உட்கார்ந்திருக்கும் விமானியிடம் பேசிக்கொண்டிருந்தவர் அவர். பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. பிரேக்கை விடுங்கள், பிரேக்கைப் பிடியுங்கள், எல்லாம் சரி, போய் வாருங்கள். அவ்வளவுதான். அதையே வருஷக் கணக்கில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் நாலு வார்த்தைக்கு மேல் வராத மனுஷனாகிவிட்டார் என்று அவர் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இப்போது கடல் தாண்டி இருக்கிறது. பல் செட் செய்வதில் அவளுக்கு நல்ல கை. ஒரு பல்லைப் பார்த்தால் பக்கத்துப் பல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லிவிடுவாள். தூர தேசத்து ஆய்வகம் ஒன்று இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அவளைக் கூப்பிட்டது. "நீங்களும் வாங்களேன்" என்று அவள் கேட்டாள். "அங்க எனக்கு என்ன வேலை?" என்றார் அவர். இரண்டு வருஷம் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. நடுவில் லீவுக்கு வந்தாள். விருந்தாளி மாதிரி வந்து, வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டு எடுத்து, விருந்தாளி மாதிரியே போனாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

இந்த வாரத் தொடக்கத்தில் அவள் போனில் கேட்டாள்.

"இந்தத் தடவையும் நீட்டிக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டமா?"

"ஆமா. உனக்குத்தான் அங்க பிடிச்சிருக்குல்ல."

"ம்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

போனை வைத்த பிறகு சமையலறை விளக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். வந்துவிடு என்று சொல்ல அவருக்கு நெஞ்சு முட்ட ஆசை. ஒவ்வொரு முறையும் அது தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். காரணம் இல்லாமல் இல்லை. அவள் போன அன்று சிரித்துக்கொண்டே போனாள். அதை அவர் தன் கண்ணால் பார்த்தார். சிரித்துக்கொண்டு போனவளை அழுதுகொண்டு கூப்பிடுவது எப்படி?

அன்றைக்கு அவளுடைய விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும் வேலையே அவருக்குத்தான் விழுந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதுதான் உண்மை. முப்பத்தொன்றாம் வரிசையில் ஜன்னல் ஓர இருக்கையை அவரே பார்த்துப் போட்டிருந்தார். "அது இறக்கைக்குப் பின்னால வரும். தரை நல்லாத் தெரியும். விமானம் திரும்பிப் போகும்போது நான் இறக்கை முனையைத் தாண்டி நிப்பேன். அங்கேர்ந்து கை காட்டறேன்" என்று சொல்லி அனுப்பினார். அவர் வாழ்நாளிலேயே மனைவியிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

கிளம்பும் நேரத்தில் வழக்கமான கூத்து. வரவேண்டிய விமானத்தில் கதவுப் பழுது என்று வேறொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெட்டிகளை மாற்று, எரிபொருளை ஏற்று என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ தள்ளிவிட்டு, ஒயரைப் பிடுங்கி, தள்ளுவதற்காக முன் சக்கரத்தில் செருகியிருந்த ஊசியை உருவி, அதில் தொங்கும் சிவப்பு நாடா தெரிகிற மாதிரி விமானிக்குத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு ஓடிப்போய்ச் சொன்ன இடத்தில் நின்றார். விமானம் மெல்ல நகர்ந்து அவரைக் கடந்தது. இறக்கை முடிந்து மூன்றாவது ஜன்னல். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. ஆனாலும் அந்த ஜன்னலில் ஒரு கை ஆடியதையும், பல் தெரியச் சிரித்த ஒரு முகத்தையும் பார்த்தார். சிவப்பு நாடாவை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

மறுநாள் அவள் போய்ச் சேர்ந்து பேசியபோது, "பாத்தேன். சிரிச்சுக்கிட்டே கை காட்டினியே, மனசு லேசாச்சு" என்றார். அவள் "ம்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம் அவருக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. ஊரையெல்லாம் வழியனுப்புவதே பிழைப்பாகப் போனால் மனுஷன் என்ன ஆவது? ஹேங்கருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே வருகிற விமானங்கள் போவதற்கு வருவதில்லை, நிற்பதற்கு வருகின்றன. பயணிகளை ஏற்றி ஓய்ந்தவற்றைச் சரக்கு விமானமாக மாற்றுவதுதான் அந்த ஹேங்கரின் வேலை. இருக்கைகளைக் கழற்றி, தரையை உறுதிப்படுத்தி, பக்கவாட்டில் யானை நுழைகிற மாதிரி ஒரு கதவு வெட்டி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். தகடு அடிப்பது அவருடைய மச்சினன், அவளுடைய தம்பி. அவன் வாய் ஓயாது. அக்காவுக்குச் சேரவேண்டிய பேச்சையும் சேர்த்து இவனே பேசுகிறான் என்று ஹேங்கரில் சொல்வார்கள்.

வியாழக்கிழமை காலையில் புதிதாக ஒன்றை இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகலமான உடம்பு, உள்ளே இரண்டு நடைபாதை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். வால் வெள்ளையடித்து மொட்டையாக இருந்தது. முதலில் ஒரு பெரிய கம்பெனியில் நெடுந்தூரம் பறந்து, பிறகு சீசனுக்குச் சீசன் வாடகைக்குப் போய், கடைசியில் வறண்ட பொட்டலில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்துவிட்டு வந்திருக்கிறது என்றார்கள். காதுக்காரர் அடிவயிற்றுப் பக்கம் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் சரக்குக் கதவுக்குக் கீழே நின்றுவிட்டார். கையகலத்தில் ஒரு ஒட்டுத் தகடு. ஓரத்தில் ஒரு ரிவெட் மட்டும் வரிசை தப்பிக் கோணலாக இருந்தது. அது அவர் அடித்த ரிவெட். பல வருஷத்துக்கு முன்னால், சின்னப் பழுதும் அவரே பார்த்த நாளில், பெட்டி ஏற்றும் வண்டி இடித்த இடம்.

அன்றைக்குக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்திய விமானத்தின் அடியிலும் இதே கோணல் ரிவெட்டைப் பார்த்திருந்தார். அவள் போன விமானம் இதுதான்.

"என்ன மாமா, பழைய சிநேகிதமா?" என்றான் மச்சினன்.

"உங்கக்கா இதுலதான் போனா."

"அப்படியா? அப்ப இதுக்கு ரெண்டு உதை விட்டுட்டு வேலைய ஆரம்பிக்கலாம்." சொல்லிவிட்டு மேலே பார்த்தான். "சாயங்காலத்துக்குள்ள நடு ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொல்லிட்டாங்க. இனிமே உள்ள வரப்போறது வெறும் பெட்டி. பெட்டிக்கு எதுக்கு மாமா வேடிக்கை?"

இருக்கை கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு காதுக்காரர் உள்ளே போனார். உள்ளே பழைய துணியின் வாடை. இத்தனை கை மாறியும் இருக்கைகளை யாரும் மாற்றவில்லை, முதல் கம்பெனி போட்ட அதே நீல உறைதான், ஓரங்களில் வெளுத்திருந்தது. வரிசை எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். முப்பத்தொன்று வந்ததும் நின்றார். மற்றதைக் கழற்றிவிட்டு இதற்கு வரலாம் என்றுதான் நினைத்தார். கால் கேட்கவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

வெளியே பார்த்தார். இறக்கை தெரிந்தது.

தப்பான வரிசையில் உட்கார்ந்துவிட்டோம் என்று எழுந்து எண்ணைப் பார்த்தார். முப்பத்தொன்றுதான். மறுபடி உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அப்போதும் இறக்கைதான். முன்னாலும் இறக்கை, பின்னாலும் இறக்கை, சாம்பல் நிறத்தில் ஒரு மைதானம் அளவுக்கு விரிந்து கிடந்தது. தரை எங்கேயும் தெரியவில்லை.

அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

இந்த ரக விமானத்தில் முதலில் செய்தது குட்டை. அது நன்றாக ஓடியதும், இன்னும் ஆள் ஏற்றலாம் என்று இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் சேர்த்து நீட்டினார்கள். அது நெட்டை. பிறகு ஆளைக் குறைத்து எரிபொருளைக் கூட்டி, நிற்காமல் வெகுதூரம் போகிற ஒன்றும் வந்தது. மூன்றுக்கும் முகம் ஒன்று, இறக்கை ஒன்று. அவர் மனைவிக்கு இருக்கை பார்த்துப் போட்டது குட்டைக்கு. குட்டையில் முப்பத்தொன்று இறக்கைக்குப் பின்னால். கடைசி நேரத்தில் வந்து நின்றது நெட்டை. முன்னால் ஒரு துண்டு கூடினால் அதே முப்பத்தொன்று எங்கே போகும்? நேராக இறக்கையின் மேல் வந்து உட்காரும். இது அவருக்குத் தெரியாத கணக்கா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அன்றைக்குக் கை வேலையில் இருந்தது, கண் பழக்கத்தில் போயிற்று. குட்டைக்குப் பார்க்கிற ஜன்னலை நெட்டையில் பார்த்து, யாருக்கோ கை காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "டேய், இறக்கை முனையைத் தாண்டிப் போய் நில்லு. நின்னு கை காட்டு."

"எதுக்கு மாமா?"

"காட்டுடா."

மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தார். அவன் இல்லை. இறக்கை அவனை முழுசாக விழுங்கியிருந்தது. எழுந்து பின்னால் நடந்து, இறக்கை முடிந்து மூன்றாவது ஜன்னலில் குனிந்தார். அங்கே நின்றிருந்தான், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டிக்கொண்டு, பைத்தியக்கார மாமா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு.

காதுக்காரர் முப்பத்தொன்றுக்கே திரும்பி வந்தார். அவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவார், நிற்பார், கை காட்டுவார் என்று இந்த இறக்கையையே பார்த்துக்கொண்டு, விமானம் மேலே எழும்பும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையது இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷமும் உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, பார்க்க யாரும் இல்லை. போனை எடுத்தார்.

வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அவள் பதறிப்போய் எடுத்தாள். "என்னங்க, என்ன ஆச்சு? தம்பிக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்ல. அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான். நீ ஊருக்குப் போன அன்னைக்கு எனக்குக் கை காட்டினியா?"

அந்தப் பக்கம் ஏதோ சின்ன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"இல்லங்க."

"சிரிச்சியா?"

"அழுதுக்கிட்டிருந்தேன். பக்கத்துல இருந்த அம்மா தண்ணி குடுத்தாங்க."

"நான் பாத்தேன்னு சொன்னேனே, அப்ப ஏன் சொல்லல?"

"பாக்க வராமலே, என் மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன். அதைப் போய்ப் பொய்யின்னு எப்படிச் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தினாள். "ஒரு விமானத்தைப் பாக்கறதுக்கு நேரம் இருக்கிற மனுஷனுக்கு, என்னைப் பாக்க நேரம் இல்லன்னு நினைச்சேன்."

"வந்தேன். நின்னேன். ஜன்னல்தான் தப்பாப் போச்சு." குட்டை, நெட்டை, முன்னால் சேர்த்த துண்டு எல்லாவற்றையும் சொன்னார். தட்டுத் தடுமாறி, முன்னே சொல்லவேண்டியதைப் பின்னே சொல்லி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

"அப்ப யாருக்குத்தான் கை காட்டினீங்க?"

"யாரோ. நல்லா சிரிச்சாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது.

"கையெழுத்துப் போடாத. வந்துடு" என்றார் அவர். இத்தனை வருஷம் தொண்டையில் இருந்தது, வெளியே வரும்போது எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

"காலைல போட்டுட்டேங்க. உன் இஷ்டம்னு சொன்னீங்களே. கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்லாதப்ப எங்க இருந்தா என்னன்னு போட்டுட்டேன். ரெண்டு வருஷம். இனி மாத்த முடியாது."

அவர் முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு வருஷம். நேற்றே இந்த விமானம் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். பிறகு, விமானத்தைச் சொல்லி என்ன, நேற்று வாய் எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அப்ப நான் வர்றேன்" என்றார்.

"எங்க?"

"அங்கதான். உன்கிட்ட."

அவள் பழைய குரலில், பாதிக் கேலியாக, பாதிப் பயமாகக் கேட்டாள். "இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"விமானம் இறங்காத ஊரா அது? இல்லன்னா உன் பல்லையெல்லாம் கழுவி வைக்கிறேன்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

வெளியே மச்சினன் "மாமா, கை வலிக்குது, இறக்கிக்கட்டுமா?" என்று கத்தினான். முன்பக்கத்தில் யாரோ முதல் தகட்டை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சத்தம் தரை வழியாக வந்து காலில் அதிர்ந்தது.

"சீட்டுப் போடும்போது ஜன்னல் ஓரமாப் பாத்துப் போடுங்க. இறக்கைக்குப் பின்னால" என்றாள் அவள்.

"இல்ல. இறக்கைக்கு மேலதான் போடப்போறேன்."

"அங்க ஒண்ணும் தெரியாதுங்க. வெறும் இறக்கைதான்."

"தெரியும்" என்றார் அவர். "அன்னைக்கு நீ பாத்த அதே இறக்கையைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."