சொல்லிவிட்டு நிறுத்தும் பெட்டி

காகித ஆலையை விட்டு வந்து பல வருடங்களாகியும், ஈரத்துணிக்கு இஸ்திரி போடும்போது எழும் ஆவி மூக்கில் பட்டால் அக்காவுக்கு அந்த உலர்த்தும் பகுதிதான் ஞாபகத்துக்கு வரும். ஆளுயரச் சூட்டு உருளைகள் வரிசையாகச் சுழல, அவற்றின்மேல் வெள்ளைத் தாள் ஓடிக்கொண்டேயிருக்கும். அங்கே அவள் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். ஆலையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், ஒருவனைத் தவிர. அவன் அவளுடைய சொந்தத் தம்பி.

அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அவனோ ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றான். அன்றோடு பேச்சு நின்றுபோனது. பிறகு அவன் வேலை பார்த்த சென்சார் கம்பெனி, அவனை அந்த ஆலைக்கே அனுப்பி வைத்தது. அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்றுகொண்டு ஆலை எலெக்ட்ரீஷியன் வழியாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பியே தனக்குக் கழுத்து சுளுக்கிவிட்டதாக அவர் கேண்டீனில் சொல்லிச் சிரிப்பார்.

உருளைகளைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குகளில் தம்பி சென்சார்கள் பொருத்தினான். அவற்றின் சூடு, அதிர்வு அளவுகள் வேறு ஊரிலிருந்த கம்பெனித் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போகும். அது பார்த்து எச்சரிக்கை அனுப்பும். மழை வந்தால் இணைப்பு படுத்துவிடும். ஒருமுறை உடைந்த பேரிங்கை ஆட்கள் கழற்றிக்கொண்டிருந்தபோது, 'பேரிங்கைக் கவனிக்கவும்' என்று செய்தி வந்து சேர்ந்தது. அதற்கப்புறம்தான் அவன் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டரை மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டினான். தலைமை அலுவலகத்துக்குக் காத்திராமல் அங்கேயே கணக்குப் பார்த்து, தேவையென்றால் மெஷினை நிறுத்திவிடும்.

நிறுத்தினால் தாள் அறுந்து பாதி நாள் வேலை பாழாகும். பெட்டிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்ற முடிவை மேலாளர் அக்காவின் தலையில் கட்டினார். எலெக்ட்ரீஷியன் அன்று லீவு. வேறு வழியில்லாமல் அவள் நேராகவே கேட்டாள்.

"இதை நம்பலாமா?"

"முதல்ல விளக்கு எரிஞ்சு உன்கிட்ட சொல்லும்க்கா. நீ பட்டனை அழுத்தினா விட்டுடும். அழுத்தலேன்னாதான் நிறுத்தும்."

"சொல்லிட்டுத்தான் செய்யுமா? அப்போ உன்னைவிடத் தேவலை."

அவன் தலை குனிந்தான். அவள் சம்மதித்தாள்.

ஆரம்பத்தில் பெட்டி தொட்டதற்கெல்லாம் குறை சொன்னது. ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். விளக்கு எரியும்போதெல்லாம் அக்கா பட்டனை அழுத்தி அதன் வாயை அடைத்தாள்.

ஒரு மழைநாள் காலை. ரோடு தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட, தலைமை அலுவலகத் தொடர்பு அறுந்தது. அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் விளக்கு எரிந்தது. அக்காவின் விரல் பட்டனுக்குப் போனது. மெஷினுக்கு அந்தப் பக்கம் தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முடிவை அவளிடமே விட்டிருந்தான். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

மெஷின் நின்றது. தாள் அறுந்து குவியலாகச் சரிந்தது. மெஷின் இரைச்சல் ஓய்ந்து, கூரைமேல் மழை பெய்யும் சத்தம் அவளுக்கு உள்ளே கேட்டது. ஆட்கள் பேரிங் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் கருகியிருந்தது. பக்கத்தில் சிக்கியிருந்த தாள் துணுக்குகள் பழுப்பேறியிருந்தன. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்று ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார்.

வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி தன் கேரியரை அவள் முன்னால் நகர்த்தினான்.

"உனக்கும் சேர்த்துத்தான்க்கா அவ தினமும் கட்டித் தர்றா. எனக்குத்தான் குடுக்க தைரியம் வரலை. உன் பங்கை எலெக்ட்ரீஷியன் சாப்பிட்டுட்டு இருந்தார்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் கலங்கியது. சாப்பிட்டு முடித்ததும், கேரியரைத் தானே கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் கதவைத் திறந்த தம்பி மனைவி, "வாங்க அண்ணி" என்றாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் கம்பெனி தம்பியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. இடையில் கிடைத்த அந்தக் கொஞ்ச காலம், ஷிஃப்ட் முடிந்ததும் அக்கா நேராக அவர்கள் வீட்டுக்குப் போவாள். மூவரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஆலைக் கதைகள் பேசுவார்கள். கிளம்புகிறேன் என்று எழுந்தவள், வாசலில் நின்று இன்னொரு கதையை ஆரம்பிப்பாள்.