பாரிசைத் தொடாத பாதை

பாரிசைத் தொடக்கூடாது என்பதுதான் கமலேஸ்வரி போட்ட ஒரே நிபந்தனை. மற்றதெல்லாம் மகள் சாருகாவின் பொறுப்பு. ஒஸ்லோவிலிருந்து பிரசல்சுக்கு விமானம், அங்கே ஒரு வாடகைக் கார், பிறகு மேற்கே திரும்பிப் பிரான்சின் வடகரை. சொம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு சின்ன ஊர். கடல் வற்றும் நேரத்தில் மணல் கண்ணுக்கெட்டிய தூரம் வெளித்துக் கிடக்குமாம். கடல்நாய்கள் ஏறி வந்து அதில் படுத்திருக்குமாம்.

ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் இருந்த அவர்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில் சாருகா கணினியைத் திருப்பித் தாய்க்குப் படங்களைக் காட்டினாள். சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட கோப்பைகள் இன்னும் எடுக்கப்படவில்லை. கமலேஸ்வரியின் கோப்பையில் சோறு அப்படியே இருந்தது.

"பிரான்சுக்கு எத்தினை தரம் போயிருப்பம்?" என்றாள் கமலேஸ்வரி. "கலியாணம், சாமத்திய வீடு, செத்த வீடு. பாரிசிலை லாசப்பல் தமிழ்க் கடையளிலை முருங்கைக்காய் வாங்கினது, ஹோலிலை இருந்து சாப்பிட்டது. ஒருக்காவெண்டாலும் பிரான்சைப் பார்த்தனாங்களே?"

"லாசப்பல் பிரான்சிலை இல்லையோ அம்மா?"

"அது யாழ்ப்பாணத்திலை இருக்கு."

சாருகா விழுந்து விழுந்து சிரித்தாள். கமலேஸ்வரியின் கணவர் குலசேகரமும் சிரித்தார். ஆனால் வியாழக்கிழமையிலிருந்து அவர் மனைவியின் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தார்.

வசந்த காலத் தொடக்கத்தில் கமலேஸ்வரியின் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது மருந்தைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்காவது போக ஆசையிருந்தால் இது நல்ல நேரம் என்று அந்த இளம் பெண் டாக்டர் சொன்னபோது குலசேகரம் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார். காரை வீட்டுப் பக்கம் திருப்பும்போதுதான், இதைவிட நல்ல நேரம் பிறகு வரும் என்று அவள் சொல்லவில்லையே என்பது உறைத்தது.

வீட்டில் மூன்று பேரைத் தவிர வேறு எந்தத் தமிழருக்கும் விஷயம் தெரியாது. கேட்டவர்களுக்கு வயிற்றுப் புண் என்று சொல்லியிருந்தார்கள். அது கமலேஸ்வரியின் முடிவு. ஒஸ்லோவின் அம்மருட்டில் சாருகாவின் தோழி டிலக்சியின் தாய் இதே நோயில் கிடந்தபோது கமலேஸ்வரியும் ஆட்டுக்கால் சூப் காய்ச்சிக்கொண்டு போனவள். "எல்லாரும் சூப்போடை ஒரு முகத்தையும் கொண்டு போனம்," என்று அவள் ஒருநாள் குலசேகரத்திடம் சொன்னாள். "நானும் அந்த முகத்தோடைதான் போனனான். அந்த மனிசி எங்கடை முகத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி செத்தது. எனக்கு அது வேண்டாமப்பா. ஒரு மூண்டு நாள், என்னை ஆரும் வருத்தக்காரியாப் பார்க்காத இடத்திலை இருக்கவேணும்."

அதனால்தான் பாரிஸ் வேண்டாம் என்றது. பாரிசில் குலசேகரத்தின் தம்பி இரத்தினவேல் இருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் தப்ப முடியாது. கமலேஸ்வரியின் உடுப்புகள் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குலசேகரத்துக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்தப் பிழையைச் செய்தார். பொதிகள் விநியோகிக்கும் வானை வியாழக்கிழமை ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்கு அருகே நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரான்சின் பெருந்தெருக்களில் காசு எப்படிக் கட்டுவது என்று ஒரு யோசனை வந்தது. சாருகாவைக் கேட்டால் கணினியில் பார்த்துச் சொல்லியிருப்பாள். ஆனால் பிரான்சைப் பற்றி எதுவானாலும் தம்பியைக் கேட்பது அவருடைய முப்பது வருடப் பழக்கம். யோசிப்பதற்கு முன்னமே விரல் அழுத்திவிட்டது.

"ரோட்டுக் காசோ? ஆரண்ணை வாறது?"

"சும்மா... ஒரு ஆள் கேட்டது."

"எந்த ஆள்? அண்ணை, உங்களுக்குச் சின்ன வயசிலையே பொய் சொல்ல வராது."

மறைக்க முடியவில்லை. சொன்னார்.

"பிரான்சுக்கு வந்து நிண்டிட்டு எங்கடை வாசலும் மிதியாமல் போகப்போறியள்," என்றார் இரத்தினவேல். "சரி, போங்கோ. அண்ணிக்கு எங்கடை வீட்டிலை என்ன குறை வைச்சனாங்கள்? போன தரம் சிவமலர் ஏதும் பிழையாக் கதைச்சவளோ? அண்ணிக்குத்தானே எங்களைப் பிடிக்கேல்லை?"

அந்தப் பழி கமலேஸ்வரியின் தலையில் விழுவதைக் குலசேகரத்தால் பொறுக்க முடியவில்லை. "அவளுக்குச் சுகமில்லையடா," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன சுகமில்லை என்று தம்பி கேட்டார். அதையும் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானதுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"என்ன கதை கதைக்கிறியள்? நான் சொல்லுவனே?"

இப்போது மேசையில் கமலேஸ்வரியின் கைத்தொலைபேசி அடித்தது. திரையில் சிவமலரின் படம். தம்பியின் மனைவி. கமலேஸ்வரி புருவத்தை உயர்த்திவிட்டு எடுத்தாள்.

"அக்கா!" என்று ஒரு கதறல். மேசையில் இருந்த மூவருக்கும் கேட்டது. "என்ரை அக்கா, எங்களுக்கு ஏன் மறைச்சனீங்கள்? நாங்கள் பிறத்தியாரே? நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அந்தக் கடற்கரைக்கு நாங்கள் எல்லாரும் வாறம். ரெண்டு வான் பிடிச்சாச்சு. இடியப்பம் அவிச்சு, சொதியும் வைச்சுக் கொண்டு வாறம். நீங்கள் சும்மா கதிரையிலை இருந்தால் காணும்."

கமலேஸ்வரி குலசேகரத்தைப் பார்த்தாள். கோபமிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தொலைத்த சாமானைக் கடைசியாக ஒருமுறை தேடிப் பார்ப்பவளைப்போல அவருடைய முகத்தில் எதையோ தேடினாள். பிறகு தொலைபேசியைக் காதோடு அணைத்தாள்.

"அழாதை சிவமலர். இஞ்சை பார், நான் நல்லா இருக்கிறன். ஓம்... ஓம். அழாதை பிள்ளை."

சிவமலரை ஆற்றி முடிக்க நெடுநேரம் பிடித்தது. கமலேஸ்வரி தொலைபேசியை வைத்ததும் சாருகா வெடித்தாள். "அப்பா! நீங்களா?"

அவர் தலை குனிந்தார். "நிப்பாட்டுவம்," என்றார். "வேறை இடம் போவம். போர்த்துக்கல், எங்கையெண்டாலும். நான் அவனோடை கதைக்கிறன்."

"வேறை இடம் போய் என்ன செய்யிறது?" கமலேஸ்வரியின் குரல் உயரவில்லை. "சனத்துக்குத் தெரிஞ்சிட்டுது. இனி அதுகளை விட்டிட்டுப் போனால், போற இடத்திலையும் எனக்கு அந்த அழுகைதான் கேக்கும். சாருகா, நீ எடுத்த வீட்டிலை எத்தினை பேர் படுக்கலாம்?"

"நாலு பேர்."

"பெரிசா ஒண்டு பார். பதினைஞ்சு பேர் வரும். சமைக்கிறதுக்கு வசதி இருக்கோ எண்டும் பார். சிவமலர் கொண்டு வாறது ஒரு நேரத்துக்குத்தான் காணும்."

"அம்மா, வேண்டாம். நீங்கள் கேட்டது அதில்லை."

"பார் பிள்ளை."

சாருகா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அழுதுகொண்டே தட்டச்சு செய்தாள். குலசேகரம் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார். ஏதாவது செய்யாவிட்டால் அந்த மேசையில் இருக்க முடியாது போலிருந்தது.

தொலைபேசி மறுபடி அடித்தது. லண்டனிலிருந்து கமலேஸ்வரியின் தமக்கை புஷ்பமலர். எப்போதும் ஞாயிறு காலையில்தான் எடுப்பவர். கமலேஸ்வரி அடிக்கும் தொலைபேசியைச் சிறிது நேரம் பார்த்திருந்தாள். பிறகு அதை மேசைக்குக் குறுக்கே, குலசேகரத்தின் கைக்கு எட்டும் தூரத்துக்குத் தள்ளினாள்.

"நீங்களே சொல்லுங்கோ," என்றாள். "உங்களுக்குத்தான் சொல்ல வருமே."

அவர் கோப்பைகளைக் கீழே வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது.

"ஓம் மச்சாள்," என்றார். "உண்மைதான்."