வயிறு நிறைந்த குஞ்சுகள்

என் கணவர் அர்தானா முதல் வலையைத் தொட்டியிலிருந்து மெல்ல உயர்த்தினார். அரிசி நீளமுள்ள களவா மீன் குஞ்சுகள் முப்பதுக்குக் குறையாது. ஒருமுறை துள்ளின, அப்படியே விறைத்தன. திரும்பத் தண்ணீரில் விட்டபோது வாய் பிளந்து, செவுள் விரிந்து மிதந்தன.

"மெதுவாத்தானே தூக்கினீங்க, பெலி?" என்று கேட்டேன். பெலி என்றால் அண்ணன், எங்கள் ஊரில் கணவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கடலுக்குச் சாமி சிலைய தூக்கிட்டுப் போறப்பகூட உங்கப்பா இவ்ளோ பயந்திருக்க மாட்டாருடி."

சிரிக்க முயன்றார். இந்தக் குஞ்சுகள் பிழைத்தால்தான் அவர் வீட்டோடு இருப்பார். இல்லையென்றால் மறுபடி கப்பல் சமையலறை. அங்கேயே ஏற்கெனவே ஒன்பது வருடம் போய்விட்டது. இன்று மதியத்துக்குள் கப்பல் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பாலித் தீவின் வடகரையில் எல்லாருக்கும் தெரிந்த சாவு இது. தண்ணீருக்குள் இருக்கும்வரை நன்றாக நீந்தும், நன்றாகத் தின்னும். வெளியே எடுத்த அதிர்ச்சியை மட்டும் தாங்காது. குஞ்சு உயிருள்ள இரையைத்தான் பிடிக்கும் என்பதால் ஆர்டீமியா கொடுக்கிறோம். குண்டூசித் தலையளவு, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இறால் வகை உயிர் அது. வெறுமனே கொடுத்தால் பொரி தின்றதுபோல, வயிறுதான் நிறையும். மூளைக்கும் கண்ணுக்கும் நரம்புக்கும் வேண்டிய கொழுப்பு அதில் கிடையாது, குஞ்சின் உடம்பாலும் அதைச் செய்துகொள்ள முடியாது. அதனால் மீன் எண்ணெயை முட்டை மஞ்சள் கருவோடு மிக்ஸியில் அடித்து, அந்தப் பாலில் ஆர்டீமியாவை ஓர் இரவு விடுவோம். அது குடித்துக் குடல் நிரப்பிக்கொள்ளும். பிறகு குஞ்சு அதை விழுங்கும். ஆர்டீமியா வெறும் பைதான், நாங்கள் உள்ளே வைப்பதுதான் சாப்பாடு.

ஆறு நாளுக்கு முன் நியெப்பி, எங்கள் மௌன நாள். அன்று ஊரே தீ மூட்டாது, விளக்கேற்றாது, வாசல் தாண்டாது. தொட்டிக்குக் காற்றூதும் மோட்டாரை மட்டும் பேட்டரியில் ஓட விட்டோம். மிக்ஸி போட முடியாதென்று முந்தின நாளே ஒரு குடம் நிறைய அடித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு மெயின் சுவிட்சை அணைத்தேன், அதோடு ஃபிரிட்ஜும் அணைந்தது. ஒரு பகல், ஓர் இரவு, பங்குனி வெக்கை. மீன் எண்ணெய் நல்லதாக இருந்தாலும் நாறும், கெட்டாலும் நாறும். மீந்ததைக் கொட்ட மனம் வரவில்லை. நேற்றுவரை அதையே ஊற்றினேன். தோலுக்குள்ளே ஆர்டீமியா நிரம்பிய வயிறு செம்மஞ்சளாய்த் தெரிந்ததும் நம்பிவிட்டேன். கெட்ட எண்ணெயில் அந்தக் கொழுப்பு மிஞ்சியிருக்காது.

அர்தானா தன் கைகளையே பார்த்தார். "கப்பல்ல முட்டை ஒடச்ச கை. நாசூக்கு மறந்துபோச்சு."

தன் கைதான் காரணம் என்று அவர் நினைக்கட்டும் என அப்படியே விட்டிருக்கலாம்.

"கை இல்ல, பெலி. எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"நியெப்பிக்கு அடிச்சு வெச்சது. ஃபிரிட்ஜையும் சேத்து அணைச்சுட்டேன்."

மற்றத் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். "நாலு தொட்டிக்கும் அதானா?"

"நாலுக்கும்."

அவர் வலையைக் கீழே போட்டார். நீல பேசின் ஒன்றைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, குஞ்சுகளைத் தண்ணீரோடு சேர்த்தே தூக்கினார். கனமாக இருந்தது. மறுபக்கத்தை நான் பிடித்தேன். உள்ளே பதினைந்து குஞ்சுகள், நிறைந்த வயிற்றோடு, வட்டமாகச் சுற்றி வந்தன. தரையில் தட்டும் அதிர்ச்சியே போதுமோ என்று, அதைக் கீழே வைக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.