அரை பாட்டில் மீதி

தொழிற்சாலையில் அவனை எல்லாரும் நாக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் சொந்தப் பெயர் இருந்தது.

பானங்களுக்குச் சுவை பார்ப்பது அவன் வேலை. அதற்காகக் காலையில் காரம் தொடமாட்டான். காபி கிடையாது. ஒரு குவளைக்கும் அடுத்த குவளைக்கும் நடுவில் ஒரு வாய் வெந்நீர், உப்பில்லாத ரொட்டி ஒரு துண்டு. வீட்டிலும் அதே பழக்கம். சோறு, குழம்பு, வெந்நீர், ரொட்டி. "கல்யாணத்துக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாம்" என்பாள் மனைவி. இப்போது அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. அவளுக்கே அது தெரியாது.

இரண்டு வருடமாக அவன் ஒரே பானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குழந்தைகளுக்கான ஆரஞ்சு பானம். சர்க்கரை கிடையாது, செயற்கை இனிப்பூட்டி. பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சோதித்தாயிற்று. ஆளுக்கு இரண்டு குவளை வைப்பார்கள். காலியான குவளை ஜெயித்தது. ஜெயித்தது ஒவ்வொரு தடவையும் தித்திப்பு கூடின குவளைதான். அடுத்த சுற்றில் அதற்கும் மேலே ஒன்று வைத்தார்கள். அதுவும் ஜெயித்தது. இப்படியே ஏறி ஏறி, தேன் வந்து பாடம் கேட்டுவிட்டுப் போகும் நிலைக்குப் பானம் வந்திருந்தது.

ஆனால் கடையில் எடுத்துக் கூடையில் போடுவது பிள்ளைகள் இல்லை. அதனால் இன்று பெற்றோர் கூட்டம். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் பானத்துக்கு மூடுவிழா.

"மூடிட்டா நீ இருமல் மருந்துப் பக்கம் போயிட வேண்டியதுதான், நாக்கு" என்றார் மேலாளர். விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்ன பல விஷயங்கள் பிறகு சுற்றறிக்கையாக வந்திருக்கின்றன.

இருவரும் ஒரு சின்ன இருட்டறையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் கூட்டம் நடக்கும் அறை, நல்ல வெளிச்சம். இங்கே இருட்டாக இருக்கும்வரை இங்கிருந்து அங்கே பார்க்கலாம். அங்கிருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அங்கே பேசுவது இங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். உள்ளே வந்த பெற்றோர் ஒவ்வொருவரும் அதன் முன் நின்று தலையைச் சரிசெய்துகொண்டார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் பல்லில் சிக்கியிருந்ததை எடுத்தார். மேலாளர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

கடைசியாக வந்தவள் அவன் மனைவி.

நாக்குக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு காலையில் சட்டை மாட்டும்போது காதில் விழுந்தது ஞாபகம் வந்தது. "அக்காவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலா ஒரு கூட்டத்துக்கு நான் போறேன். பிள்ளை வளர்ப்பு பத்தியாம். டிபன் டப்பா கொடுப்பாங்களாம்." அவன் ம் கொட்டியிருந்தான். எந்தக் கூட்டம் என்று கேட்கவில்லை. எந்தக் கம்பெனி நடத்துகிறது என்பதை வருகிறவர்களிடம் சொல்வதும் வழக்கமில்லை.

வேலை செய்பவர்களின் வீட்டு ஆட்கள் உட்காரக் கூடாது என்பது விதி. அவன் மேலாளரிடம் சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அவள் அந்தப் பானத்தைக் குடித்ததே இல்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். நாள் முழுக்கக் குழந்தைகளின் சொத்தைப் பல்லைப் பார்ப்பவள். வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வாசல்படி தாண்டாது. 'உங்க கம்பெனியில சர்க்கரை இல்லாததுதானே, ஒரு பாட்டில் கொண்டு வாங்களேன், பார்ப்போம்' என்று பலமுறை கேட்டிருக்கிறாள். 'வெளியே எடுத்துட்டு வர விடமாட்டாங்க' என்று சொல்லி வைத்திருந்தான். அது பொய். கையெழுத்துப் போட்டால் பெட்டியாகவே எடுத்துப் போகலாம். ஆய்வகத்தில் எல்லாரும் எடுத்துப் போனார்கள்.

யார் செய்தது என்று தெரியாமல் அவள் குடித்தால் என்ன சொல்வாள்? அதைக் கேட்க இனி இப்படி ஒரு வாய்ப்பு வராது. அவன் பேசாமல் இருந்தான்.

கூட்டத்தை நடத்திய பெண் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சிரித்த முகமாக ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள்?

"தண்ணி" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"நிஜமா?"

பேருந்து ஓட்டுநர்தான் உண்மையை உடைத்தார். "நாள் பூரா ஹாரன் சத்தம் கேட்டுட்டு வரேன் மேடம். வீட்டுல வந்தா பையன் கத்துறான். கலர் தண்ணி கொடுத்தா வாயை மூடுறான். நான் கொடுத்துடுறேன். அவங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சர்க்கரையாவது பரவாயில்லைங்க, நாம சாப்பிட்டு வளர்ந்தது" என்றாள் இரட்டைக் குழந்தைகளின் அம்மா. "இந்தச் செயற்கை சமாச்சாரம் இருக்கே, பேரைப் படிச்சாலே பயமா இருக்கு. பெயிண்ட் டப்பாவுல போட்ட மாதிரி."

"பேரு நீளமா இருந்தா விஷமா?" என்றார் கணக்கு வாத்தியார் ஒருவர். "என் தாத்தா பேரு இதைவிட நீளம். தங்கமான மனுஷன்."

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். "இந்த ஆள் நம்ம பக்கம்" என்றார்.

மனைவி மட்டும் பேசவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். நாக்குக்கு அது தெரியும்.

குவளைகள் வந்தன. எல்லாரும் எடுத்து மடக்கென்று குடித்தார்கள். மனைவி குவளையை மூக்கருகில் கொண்டுபோனாள். ஒரு வாய் எடுத்தாள். நாக்கில் உருட்டினாள். பிறகு பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமாங்க? ஒரு ரொட்டித் துண்டும்?" என்றாள்.

மேலாளர் நிமிர்ந்தார். "யாருய்யா அந்தம்மா? அச்சு அசல் உன்னை மாதிரியே குடிக்குது."

நாக்கு தன் தட்டிலிருந்த ரொட்டித் துண்டை மேலாளர் பக்கம் நகர்த்தினான்.

"நல்லா இருக்கு" என்றார் ஓட்டுநர். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் இரட்டையர் அம்மா, தன் வாய் தன்னையே ஏமாற்றிவிட்ட வருத்தத்தோடு. வாத்தியார் இன்னொரு குவளை கேட்டார். மேலாளர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்றாள் நடத்துபவள், மனைவியைப் பார்த்து.

"ருசி ஒண்ணும் குறை சொல்ல முடியாது" என்றாள் அவள். "செஞ்சவருக்குக் கைவாகு இருக்கு. பல்லுக்கும் சர்க்கரை மாதிரி கெடுதல் இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இதைச் செஞ்சவருக்குப் பிள்ளை இருக்கா? இருந்தா அந்தப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கிறாரா? கொடுக்கிறார்னா நானும் வாங்குறேன். டிபன் டப்பாகூட வேணாம்."

"அப்படிக் கேளுங்க!" என்றாள் இரட்டையர் அம்மா. வாத்தியாரும் தலையாட்டினார்.

இருட்டறையில் மேலாளர் கையைத் தேய்த்துக்கொண்டார். "லட்டு மாதிரி கேள்வி. உனக்குப் பொண்ணு இருக்குல்ல? போய்ச் சொல்லு. 'என் பொண்ணு தினமும் குடிக்கிறா'ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

நாக்கு எழுந்தான். நகரவில்லை.

"என்னய்யா?"

"அவ குடிச்சதில்ல சார்."

"குடிச்சதில்லையா? எந்தச் சுவையும்?"

"எதுவும்."

மேலாளர் அவனையே பார்த்தார். "என்ன கலந்திருக்க அதுல?"

"எல்லாம் அளவுக்குள்ளதான் சார். அதுல ஒரு குறையும் இல்ல. அது வேற விஷயம்..."

சொல்லிக்கொண்டே அவன் ஓரடி பின்வாங்கினான். முதுகு சுவரில் பட்டது. சுவரில் சுவிட்ச் இருந்தது.

இந்த அறைக்குள் வரும் யாருக்கும் முதலில் சொல்லித் தருவது அந்த ஒன்றைத்தான். எது வேண்டுமானாலும் செய், விளக்கை மட்டும் போடாதே. விளக்கு எரிந்தது. கண்ணாடி ஜன்னலாகிவிட்டது.

அந்தப் பக்கம் பெற்றோர் அனைவரும் வாயைப் பிளந்தார்கள். ரொட்டித் துண்டோடு ஒரு மேலாளர். அவருக்குப் பக்கத்தில், திருட்டு முழியோடு ஒரு ஆள். நடத்துபவளுக்கு முதுகுப்பக்கம் நடப்பது தெரியவில்லை. தன் பேச்சில்தான் எல்லாரும் சொக்கிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பேசினாள்.

ஓட்டுநர் மெல்லத் தன் பல்லைத் தடவிப் பார்த்தார். "அப்போ இவங்க எல்லாத்தையும் பார்த்தாங்களா?"

மனைவி எழுந்து கண்ணாடி அருகே வந்தாள். இரண்டு விரலால் தட்டினாள். அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"என்னங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

மேலாளர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வெந்நீரும் ரொட்டியும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தன. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நாக்கு கதவைத் திறந்துகொண்டு அந்த அறைக்குப் போனான். போகிற போக்கில் மேசையிலிருந்த கூஜாவையும் கையில் எடுத்துக்கொண்டான். இனிப்பூட்டி சேர்ப்பதற்கு முந்தைய பழச்சாறு அது. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் ஒன்று பக்கத்தில் இருக்கும்.

"இதைச் செஞ்சவன் நான்தான்" என்றான். "என் பொண்ணுக்கு நான் கொடுக்கல."

"வெளியே எடுத்துட்டு வர விடமாட்டாங்கன்னு சொன்னீங்க" என்றாள் மனைவி.

"விடுவாங்க."

வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்பதை அவள் புருவம் சொன்னது.

"விஷம்னு பயந்து இல்லைங்க" என்றான் எல்லாரையும் பார்த்து. "அந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. இதை ரெண்டு வருஷமா தினமும் ருசி பார்க்கிறேன். போன மாசம் வீட்டுல ஆரஞ்சு வாங்கியிருந்தோம். பொண்ணு சொட்டச் சொட்டத் தின்னா. எனக்கு ஒரு சுளை கொடுத்தா. எனக்கு அது வெறும் புளிப்பு. பழம் சரியில்லன்னு சொன்னேன். அவ என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தா. பழம் நல்லாத்தான் இருந்துச்சு. என் நாக்குதான் போயிடுச்சு. அவளுக்கு அது போகக் கூடாது. அவ்வளவுதான்."

வாத்தியார் தன் குவளையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு என்னையும் கடைக்காரனோட சண்டைக்கு அனுப்பினீங்க" என்றாள் மனைவி.

"அனுப்பினேன்."

"அவர் பாவம், மாத்திக் கொடுத்தார்."

ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார்.

"அப்போ எப்படி இருந்தா கொடுப்பீங்க?" என்றார் வாத்தியார்.

நாக்கு அதற்குத்தான் கூஜாவை எடுத்து வந்திருந்தான். குவளைகளில் பானம் பாதி, கூஜாவிலிருந்து பாதி ஊற்றினான். "இப்படி இருந்தா கொடுப்பேன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஆரம்பிச்சது இதுதான். பிள்ளைங்க ஒவ்வொரு தடவையும் தித்திப்பைத் தேர்ந்தெடுத்தாங்க. நாங்களும் பின்னாடியே போனோம். நிறுத்துன்னு சொல்ல வேண்டியது நான். சொல்லல."

குடித்தார்கள். இரட்டையர் அம்மா, "இதுல பழ வாசனை தெரியுது" என்றாள். ஓட்டுநர் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு இன்னொரு வாய் குடித்தார். "பையன் இதுக்கு வாயை மூடுவானான்னு தெரியல. ஆனா அவங்கம்மாகிட்ட மறைக்க வேண்டியதில்ல."

வாசலில் மேலாளர் வந்து நின்றிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. ஆனால் பாதி இனிப்பூட்டி என்றால் செலவு என்ன ஆகும் என்று அந்த முகத்துக்குப் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததை நாக்கு பார்த்தான். "பெரியவங்க குடிக்கிறது பெரிசில்ல" என்றார். "பிள்ளைங்க குவளையைக் காலி பண்ணணும். பண்ணலைன்னா இருமல் மருந்து. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"இந்தப் பாதிக் கலவையில ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போகவா சார்?"

"கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போ."

டிபன் டப்பா எல்லாருக்கும் கிடைத்தது. மனைவிக்கும். வேண்டாம் என்று சொன்னதை அவள் மறந்துவிட்டாள்.

வீட்டில் மகள் தரையில் கவிழ்ந்து படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பா தொழிற்சாலையிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கிறார் என்றதும் துள்ளி எழுந்தாள். அம்மா குறுக்கே நிற்கவில்லை என்பது அவளுக்கு அதைவிட அதிசயமாக இருந்தது.

குடித்தாள். நாக்கு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி இறங்கியது. நின்றது.

"போதும்ப்பா. மீதி நாளைக்கு."

மூடியைப் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருடத்தில் எந்தப் பிள்ளையும் மீதி வைத்ததில்லை. அவன் தொழிலில் மீதி என்றால் தோல்வி.

"இருமல் மருந்துதான்" என்றான்.

"ஏன் இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?" என்றாள் மனைவி. "போதும்னு சொல்லுது பிள்ளை. இனிப்பைப் பார்த்துப் போதும்னு சொன்ன பிள்ளைய நான் எங்க டாக்டர்கிட்ட பார்த்ததே இல்ல." பாட்டிலை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். "புழுகுணி" என்றாள், கதவைச் சாத்திக்கொண்டே. அதோடு விட்டாள்.

மறுநாள் மாலை அவன் வந்தபோது மகள் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டிருந்தாள்.

"என் மீதி எங்க?"

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "ஏன், வேணுமா?"

"வேணும். நேத்தே நாளைக்குன்னு சொன்னேன்ல? எங்க போச்சு?"

அவன் எட்டிப் பார்த்தான். இல்லை. சமையல் மேடையைப் பார்த்தான். பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர், கடித்த ரொட்டித் துண்டு.

மனைவி அலமாரிக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"பழசாயிடுமேன்னு..." என்றாள் அவள், அலமாரியிலிருந்து முகத்தை எடுக்காமல். "என்னங்க, நாளைக்கு வரும்போது ரெண்டா எடுத்துட்டு வாங்க."